பட வாரியம் பார்த்து முடித்த படம்

பட வாரியம் வருவதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சில படங்கள் ஓடும், சில படங்கள் ஓடாது. ஒன்றில் முகம் தெரியும், குரல் வராது. இன்னொன்றில் குரல் வரும், முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். மக்கள் புலம்பினார்கள். புலம்பலைக் கேட்ட அரசு மனமிரங்கி ஒரு வாரியத்தை அமைத்தது. இனிமேல் எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வாரியத்தின் பிளேயர் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அன்றோடு பாரபட்சம் ஒழிந்தது. எந்தப் படமும் ஓடவில்லை.

மாஸ்டருக்கு இது ஒரு பொருட்டாகவே பட்டதில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். விடிந்தால் வண்டி, அடைந்தால் வண்டி. படம் பார்க்க அவருக்கு ஏது நேரம்? அவருடைய பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்கிற வரைக்கும் அவர் கால் காத்திருக்காது.

"நான் சரியாத்தானே போனேன் மாஸ்டர்?"

"இதுவரைக்கும் சரி. அடுத்தது தப்பா போயிருப்பே."

அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி வாயைத் திறந்தால், அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்த உடனே பதிலும் சொல்லிவிடுவார். அவள் கேள்வி பாதி வழியில் நிற்கும், பதில் வாசல்வரை போயிருக்கும்.

இத்தனைக்கும் அவள் குரலுக்கு ஊரே கட்டுப்பட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. வண்டி மூன்றாவது நடைமேடைக்கு வரும் என்று அவள் சொன்னால், வயது வித்தியாசம் இல்லாமல் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு படியேறி ஓடுவார்கள். யாரும் "எனக்குத் தெரியும்" என்று குறுக்கே சொன்னதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது. ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

"அது இல்லைங்க."

"அப்போ உங்க அக்கா வராங்க. வரட்டுமே, நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"அதுவும் இல்லை. நான்..."

"முதுகுவலியா? அந்த நாற்காலியை மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது!"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்த் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"அதைத்தானே நானும் சொன்னேன், அக்கான்னு!" என்றார் மாஸ்டர், கெட்டிக்காரத்தனமாக.

கதவு சாத்தப்பட்ட சத்தத்தில்தான் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

சில நாள் கழித்து, அக்கா இருக்கும் ஊரிலிருந்து வந்த ரயில் கார்டு ஒருவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டர் தன் பழைய பொத்தான் போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"நான் பேசி எடுத்த வீடியோ. முழுசாப் பாருங்க. அதுலதான் நீங்க குறுக்கே பேச முடியாது."

"எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கிறே? இப்பவே போன்ல சொல்லிடு. எனக்குத் தெரியும், நீ அந்தக் குழாயை..."

"பார்த்தீங்களா! பார்க்காம எங்கிட்டப் பேசாதீங்க. அதுல கடைசியா ஒரு கேள்வி கேட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வரணும். இங்கேயும் ஸ்டேஷன்ல அறிவிப்புக்கு ஆள் கேட்கிறாங்க. திங்கட்கிழமை நான் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"அவ்வளவுதான்னா அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

மாஸ்டர் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினார். மனைவியின் முகம் தபால்தலை அளவில் தெரிந்தது. ஆசையாக அதன்மேல் தட்டினார். ஒரு வட்டம் சுழன்றது. பிறகு எழுத்துகள் வந்தன: "இந்தப் படம் வாரியத்துக்கு அறிமுகமில்லாதது. அறிமுகம் செய்துவைக்கவும்."

"என் பெண்டாட்டியை எனக்கு அறிமுகம் பண்ண இவன் யாரு?" என்று கேட்டார் மாஸ்டர். பென் டிரைவைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் போய்ச் சொருகிப் பார்த்தார். அங்கேயும் அதே வட்டம், அதே எழுத்து. எதிர்வீட்டுக்காரர், "எங்க கல்யாண வீடியோவே இன்னும் அறிமுகம் ஆகலைங்க. பெரியவ காலேஜ் போயிட்டா" என்றார்.

---

பட வாரியத்தின் கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய திரை. திடீரென்று அதில் ஒரு வட்டம் தோன்றிச் சுழன்றது. கூடத்தில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"எழுந்திருங்க, வட்டம் சுத்துது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

"அதுக்கு எதுக்கு எழுந்திருக்கணும்?"

"எதுக்குன்னு தெரிஞ்சு செய்யறதுக்குப் பேர் மரியாதையா?"

வட்டம் நின்றது. எதுவும் வரவில்லை. எல்லாரும் திருப்தியோடு உட்கார்ந்தார்கள்.

முதல் ஜன்னலில் பெட்டிப் பிரிவு அம்மாள் இருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பென் டிரைவைப் பார்த்தாள், கண்ணாடியை இறக்கியும் பார்த்தாள்.

"படத்துல என்ன இருக்கு?"

"தெரியாதும்மா. இன்னும் பார்க்கலை."

"பார்க்காத படத்துக்கு எப்படி அனுமதி கேட்கிறீங்க?"

"பார்த்திருந்தா எதுக்கு அனுமதி கேட்கப் போறேன்?"

"அப்படிக் கேட்கிறவங்களும் இருக்காங்க. அவங்க மேல நடவடிக்கை எடுக்கிறோம்."

"அப்போ பார்த்தவனும் கேட்கக் கூடாது, பார்க்காதவனும் கேட்கக் கூடாது. வேற யார்தான்மா கேட்கிறது?"

அந்த அம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இங்க பாருங்க சார், நிதானமாச் சொல்றேன். நீங்க கொண்டுவந்திருக்கிறது ஒரு பெட்டி. அதுக்குள்ள படம் தனியா இருக்கும், ஒலி தனியா இருக்கும். பெட்டி மூடியிருக்கான்னு நான் பார்ப்பேன். படத்தைப் படப் பிரிவு பார்க்கும், சத்தமில்லாம. ஒலியை ஒலிப் பிரிவு கேட்கும், கண்ணை மூடிக்கிட்டு. யாரும் சேர்ந்து பார்க்கக் கூடாது. அதுதான் வாரியத்தோட உயிர்நாடி."

"ஏன், சேர்ந்து பார்த்தா என்ன?"

"சேர்ந்து பார்த்தா புரிஞ்சிடும் சார். புரிஞ்சிட்டா நடுநிலைமை போயிடும்."

மாஸ்டருக்கு வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அந்த அம்மாள் நிற்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் பார்த்தாகணும்மா. குடும்ப விஷயம்."

"இங்க வர்ற எல்லாம் குடும்ப விஷயம்தான். எதையாவது நாங்க அவசரப்படுத்தியிருக்கோமா? நாளைக்கு வாங்க."

மறுநாள் அவர் போனபோது படப் பிரிவு அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டார். மெலிந்த மனிதர், அடிக்கடி இமைக்கிறவர்.

"படம் பார்த்தேன். வெளிச்சம் சுமார்தான். உங்க வீட்டம்மாவை நடனம்ங்கிற வகையில சேர்த்திருக்கேன்."

"நடனமா? அவளுக்கு நடக்கவே நேரம் இல்லை சார்!"

"எனக்கு ஒலி கிடையாது, பாருங்க. கையை இப்படிச் சுத்துறாங்க. அப்படிச் சுத்துறாங்க. இடையில ஒரு கை மட்டும் கீழே இறங்கி ஒரு தட்டுத் தட்டுது. கண்ணு மேலே ஒரு பார்வை, பக்கத்துல ஒரு பார்வை. பாவம் நல்லா இருக்கு. தாளம்தான் பிடிபடலை."

"அழுதாளா சார்?"

"நடுவுல அழுதாங்க. அப்புறம் சிரிச்சாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்கு எனக்கு அதிகாரமும் இல்லை. அந்த அழுகைக்குக் காரணம் ஒலிப் பிரிவுல இருக்கு."

ஒலிப் பிரிவு வராந்தாவின் கடைசி அறை. கதவில் மாஸ்டர் காதை வைத்தார். உள்ளே தன் மனைவியின் குரல், கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கதவைத் தட்டினார். ஒரு கை மட்டும் வெளியே வந்து, "உஷ்!" என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போனது.

---

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வாரியத்தில் ஒரு விபரீதம் நடந்தது.

ஒலிப் பிரிவு அதிகாரியை எல்லாரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து கண்ணை மூடியே வேலை பார்த்தவர். அவர் கண்ணைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடிவந்தாராம். "இது நம்ம ரயில் அம்மா குரல்! நம்மளையெல்லாம் தினமும் நடைமேடை மாத்தி ஓட விடுவாங்களே, அவங்க! அவங்க வீட்டுக் கதையைச் சொல்றாங்க, ஓடி வாங்க!" என்றாராம். பெட்டிப் பிரிவு அம்மாள் ஜன்னலை மூடினாள். படப் பிரிவு படத்தைக் கொண்டுவந்தது, ஒலிப் பிரிவு ஒலியைக் கொண்டுவந்தது. வாரியம் தோன்றிய நாள் முதல் நடக்காத காரியமாக, இரண்டையும் ஒன்றாக ஓட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

மறுநாள் மாஸ்டர் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெட்டிப் பிரிவு அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"எதும்மா?"

"குளிச்சிட்டு ஈரத் துண்டைப் படுக்கையில போடறவர்."

கூடம் முழுவதும் "த்சு" என்றது. மாஸ்டருக்கு முகம் சிவந்தது.

"அதை எதுக்கும்மா இங்க..."

"குறுக்கே பேசாதீங்க" என்றாள் அந்த அம்மாள். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க அவங்க."

"என்ன சொல்லியிருக்கா? என்னதான் கேள்வி கேட்டிருக்கா? அதையாவது சொல்லுங்களேன்!"

"அனுமதி இல்லாத படத்தோட கதையைச் சொல்றது குற்றம் சார். பார்க்காதவங்க மனசு கெட்டுப் போயிடும்."

"ஊரே பார்த்தாச்சு! நான் ஒருத்தன்தான் பாக்கி!"

"அதனாலதான் உங்களைப் பத்திரமாப் பாதுகாத்து வச்சிருக்கோம்."

டீ கொண்டுவருகிற ஆள்கூட மாஸ்டரிடம் கோப்பையை நீட்டாமல் மேஜையில் வைத்துவிட்டு, "அந்தம்மா இடத்துல நானா இருந்தா வீடியோவெல்லாம் எடுத்திருக்க மாட்டேன்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை தலைவர் முன்னிலையில் விசாரணை.

விதிப்படி தலைவர் நேரில் பேசக் கூடாது. அவர் பேச்சு திரையில் நேரலையாக, ஓடைபோல் ஓடித்தான் வர வேண்டும். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவார். அது கம்பி வழியாக எங்கெங்கோ சுற்றிக் கூடத்துத் திரைக்கு வரும். இரண்டு அறைக்கும் நடுவே கதவு திறந்தே கிடந்தது. தலைவரின் இடது தோளும் பாதி மீசையும் மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தன.

"அன்பார்ந்த..." என்று பக்கத்து அறையிலிருந்து குரல் கேட்டது.

யாரும் அசையவில்லை. சற்று நேரம் பொறுத்துத் திரையிலும், "அன்பார்ந்த" என்று வந்தது. எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். உடனே தலைவரின் வாய் திறந்தபடி உறைந்தது. வட்டம் சுழன்றது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

பக்கத்து அறையில் தலைவர் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டே போனார். மாஸ்டர் கதவுப் பக்கம் தலையை நீட்டினார். படப் பிரிவு அதிகாரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கே கேட்காதீங்க. அது அதிகாரபூர்வமானது இல்லை."

"அவர்தானே சார் பேசுறார்?"

"இங்க வந்தாத்தான் அவர் பேசினது."

வட்டம் சுழன்று முடிந்தபோது தலைவர் பேசியதில் பாதி போயிருந்தது. மிச்சம் இப்படி வந்தது:

"...தடை செய்யறது எங்க நோக்கம் இல்லை. தாமதம்தான் எங்க நோக்கம். மக்கள் பார்க்கக் கூடாத படம்னு உலகத்துல எதுவுமே கிடையாது. மக்கள்தான் இன்னும் தயாராகலை. நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலிருந்து எத்தனையோ படங்களுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கேன். ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே தீர்ப்பு சொல்றதுக்கு ஒரு தேர்ச்சி வேணும். இந்த ஒரு படத்தை மட்டும் முழுசாப் பார்த்துட்டேன். அதனால தீர்ப்பு சொல்ல முடியாமத் தவிக்கிறேன்."

கைதட்டல். தலைவர் தண்ணீர் குடித்தார். குடித்தது முதலில் கதவு வழியாகவும், பிறகு திரையிலும் தெரிந்தது.

"நேத்து வீட்டுக்குப் போனதும் என் மனைவிகிட்ட, 'உனக்கு ஏதாவது சொல்லணுமா?'ன்னு கேட்டேன். அவ என் நெத்தியில கை வச்சுப் பார்த்துட்டு, 'காய்ச்சல் இல்லையே'ன்னா. இப்படிப்பட்ட பயங்கரமான படத்தை ஒரு சாதாரண மனுஷன் வீட்டுல தனியாப் பார்க்கலாமாங்கிறதுதான் கேள்வி. பெட்டிப் பிரிவு என்ன சொல்லுது?"

"பெட்டி நல்ல பெட்டி சார். வீட்டுக்காரர்தான் சரியில்லை."

"படப் பிரிவு?"

"நடனம்னு எழுதினதை அடிச்சிட்டேன் சார். படத்துக்கு என் ஒப்புதல் உண்டு. அந்த முகத்தை இவர் பார்த்தே ஆகணும்."

"ஒலிப் பிரிவு?"

காதுக்காரர் எழுந்தார். "நான் இன்னும் கேட்டு முடிக்கலை சார்."

"எத்தனை தடவை கேட்டாச்சு?"

"அது கணக்குல வராது சார். ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கு. இவ்வளவு நாள் வீட்டுலயே ஓசியில கிடைச்ச குரலைக் கேட்காத மனுஷன்கிட்ட இதை எப்படி சார் ஒப்படைக்கிறது? எனக்கு மனசு வரலை."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். யோசிக்கிறாரா, உறைந்துவிட்டாரா என்று தெரியாததால் எல்லாரும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார்கள்.

"சரி. படத்துக்கு அனுமதி. ஒலிக்கு இல்லை. கோப்பு எங்ககிட்டயே இருக்கும். இன்னைக்குச் சாயங்காலம் படம் மட்டும் உங்க வீட்டுக்கு ஓடி வரும்."

"சத்தமில்லாம நான் எப்படிய்யா பதில் சொல்றது? நாளைக்கு ஞாயித்துக்கிழமை!"

"அது எங்களுக்கும் தெரியும்" என்றார் தலைவர். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "அதுக்காகவே வாரியம் நாளைக்கு விடுமுறை இல்லாம வேலை செய்யப் போகுது. நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்கன்னு தெரியாம யாருக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை."

---

சாயங்காலம் மாஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வட்டம் சுழன்றது. தன்னை அறியாமல் எழுந்து நின்றார். "சே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மனைவி வந்தாள். அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தின் குறுக்கே வாரியத்தின் முத்திரை சாய்வாக ஓடியது. வாய் அசைந்தது, குரல் இல்லை.

"இங்க பாரு, அந்தத் துண்டு விஷயம் என்னன்னா..." என்றார் மாஸ்டர்.

அவள் நிற்கவில்லை.

"நான் சொல்றதைக் கேளு, அன்னைக்குக் குழாய்..."

அவள் பேசிக்கொண்டே போனாள். மாஸ்டர் மேஜைக்கு அடியில் காலை அழுத்தினார். பலமாக அழுத்தினார். அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அவர் வாய் ஓய்ந்தது. வேறு வேலை இல்லாததால் கண் வேலை செய்ய ஆரம்பித்தது.

ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவள் ஒரு நொடி தயங்கினாள். யாரோ குறுக்கே பேசப்போகிறார்கள் என்று எதிர்பார்க்கிறவள்போல் தோள் லேசாக உயர்ந்து, பிறகு இறங்கியது. எதிரே யாருமில்லாத இடத்தில்கூட அந்தத் தோள் உயர்ந்தது. 

பிறகு அவள் கைகளைத் தூக்கினாள். ஒரு கை மேலே போக, இன்னொரு கை அதைத் தொடர்ந்து வர, வட்டமாகச் சுழற்றினாள். ஒரு கை கீழே இறங்கி ஒரு தட்டுத் தட்டியது. கண் மேலே பார்த்தது, பக்கத்தில் பார்த்தது.

"கிளட்ச்!" என்று கத்தினார் மாஸ்டர். "கிளட்சை மிதிக்காம கியரை..."

கத்திய வாய் அப்படியே நின்றது. திரையில் அவள் கால் ஏற்கெனவே மிதித்திருந்தது.

அவள் ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். ஓட்டுநர் உரிமம். அதில் அவள் படம். அதைக் காட்டும்போதுதான் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்த பயிற்சி ரசீதில் இருந்தது இவர் பள்ளியின் பெயர் இல்லை. தெருவின் மறுகோடியில் இருக்கிறானே, கற்றுக்கொடுக்கத் தெரியாதவன் என்று இவர் தினமும் ஏசுகிற அந்தப் போட்டிப் பள்ளிக்காரன், அவனிடம் கற்றிருக்கிறாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு கணம் மாஸ்டருக்குக் கோபம் முட்டியது. என் பெண்டாட்டி, அவன் வண்டியில்! எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். திட்ட ஆள் இல்லை. உட்கார்ந்தார்.

கடைசியில் அவள் நேராக அவரைப் பார்த்தாள். ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் தலையால் காட்டினாள். பிறகு ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தாள். புருவத்தை உயர்த்தினாள். அங்கேதான் படம் உறைந்து, வட்டம் வந்தது. வட்டத்துக்குப் பின்னால் அந்தப் புருவம் உயர்ந்தபடியே வெகுநேரம் நின்றது.

மாஸ்டருக்கு ஒலிப் பிரிவின் ஒப்புதல் தேவைப்படவில்லை.

---

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ரயிலில் போய் இறங்கினார். அக்கா வீட்டுக் கதவைத் திறந்தவள் அக்காதான்.

"வாங்க, வாங்க! என்ன, சொல்லாம கொள்ளாம?"

மாஸ்டர் கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. பின்னாலேயே மனைவி வந்து நின்றாள்.

"வீடியோ பார்த்தீங்களா?"

தலையாட்டினார்.

"முழுசாவா?"

தலையாட்டினார்.

"என்னடி இவருக்கு, வாயில பூட்டா?" என்றாள் அக்கா.

மாஸ்டர் வாசலில் நின்ற அக்காவின் காரைக் காட்டினார். நேராகப் போய், ஓட்டுகிற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். விரலை உதட்டின்மேல் வைத்தார்.

மனைவி வாசல் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். "அக்கா, வண்டியை நாளைக்குக் கொண்டுவந்து விடறேன்" என்றாள். சாவியோடு வந்து கார் ஜன்னலுக்குள் குனிந்தாள்.

"இப்பவே சொல்லிடறேன். வீடு போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கலைன்னா, இந்த ஊரு வேலை வேண்டாம்னு சொல்லிடறேன். ஒரு வார்த்தை பேசினீங்க, பேசின இடத்துலயே வண்டியைத் திருப்பிடுவேன். சம்மதமா?"

சம்மதம் என்று கண்ணால் சொன்னார்.

வண்டி கிளம்பியது. அவளும் பேசத் தொடங்கினாள். போட்டிப் பள்ளியில் முதல் நாள் சுவரில் மோதப்போனதைச் சொன்னாள். ஸ்டேஷனில் ஒருநாள் குரல் கட்டிக்கொண்டு, ஊரே தப்பான நடைமேடையில் நின்றதைச் சொன்னாள். துண்டைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர் எப்படிக் கேட்பார் என்பதைச் சொன்னாள். ஒரு லாரி ரொம்ப நெருங்கி வந்தது. மாஸ்டரின் கால் காலியான தரையை மிதித்தது. அவள் அழகாக ஒதுங்கினாள். அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நடுவழியில் அவர் போன் அடித்தது. மாஸ்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக மனைவியைப் பார்த்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

"சார்! வாரியத்திலிருந்து தலைவர் பேசறேன். நேரடியாவே பேசறேன், பரவாயில்லை. உங்க வீட்டம்மா வீடியோவைக் கேட்ட எல்லாரும் இங்கதான் இருக்கோம், வட்டம் சுத்தினாக்கூட எழுந்து நிக்க மனசில்லாம. என்ன சார் ஆச்சு? சேர்ந்துட்டீங்களா?"

"கேளுங்க சார், கேளுங்க, அவங்க ஏதாவது பேசறாங்களா?" என்று பின்னால் காதுக்காரரின் குரல்.

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஊரறிந்த அந்தக் குரல் வண்டிக்குள் ஒலித்தது.

"வாரியத்தினரின் கனிவான கவனத்திற்கு. நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பதில், குறிப்பிட்ட நேரத்தைவிடத் தாமதமாக வந்துசேரும். தாமதத்துக்கு வருந்துகிறோம். எழுந்து நின்று காத்திருக்கவும்."

மறுமுனையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மாஸ்டர் போனை அணைத்தார்.

"அவங்க எல்லாருமா உட்கார்ந்து முழுசாக் கேட்டாங்க?" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி. ஆமாம் என்று தலையாட்டினார். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. மறுபடி பேச ஆரம்பித்தாள். அவளுடைய அம்மாவைப் பற்றி, இவரிடம் இதுவரை சொல்லாத ஒன்றை.

அவர்கள் ஊருக்குள் நுழைந்ததும் பெட்ரோல் பங்க் வந்தது. அதைத் தாண்டி மரக்கடை. மரக்கடையை ஒட்டி வீட்டுக்குப் போகிற திருப்பம். மாஸ்டர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். வண்டி வேகம் குறையவில்லை. வாய் தானாகத் திறந்தது. சொன்னால் ஒப்பந்தம் போயிற்று. சொல்லாவிட்டால் வீடு போய்ச் சேரவே முடியாது. அவள் அம்மாவைப் பற்றிய கதையில் முக்கியமான இடத்தில் இருந்தாள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். திருப்பம் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது.

ஊர் முடிந்து வயல்வெளி வந்தது. அவளும் கதையை முடித்தாள். மாஸ்டர் மெதுவாகக் கையை உயர்த்திக் கட்டை விரலால் பின்பக்கம் காட்டினார்.

"நம்ம திருப்பமா? அது போய் எவ்வளவோ நேரமாச்சே."

அவர் கண்ணை அகலத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நானும் பார்த்தேன்" என்றாள் அவள், கியரை மாற்றிக்கொண்டே. "இன்னும் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி இருந்தது."